முதல் ஷிப்டுக்கு முன்னால்

இந்திரா நகர், நெய்வேலி
8 ஜனவரி 2025

ஃபௌசியா அக்காவுக்கு,

போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படித்துவிட்டதாக நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. காகிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் எடுப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கமாலுதீன் அண்ணன் கடையை நெல்லிக்குப்பத்துக்கு மாற்றியதால்தான் நீங்கள் அவரோடு பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கம் போனீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். ஒருவரும் நம்புவதாகத் தெரியவில்லை.

நம் கிளிஞ்சல் விளையாட்டுப் பள்ளியில் இப்போது நான்கு பிள்ளைகள்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுதான் படிப்பு, எழுத்தெல்லாம் பிறகு வரும் என்று நாம் இரண்டு பேரும் டவுன்ஷிப்பில் ஒவ்வொரு வட்டமாக ஏறி இறங்கிச் சொன்னோமே, அப்படி நம்பவைத்த பெற்றோர்கள் எல்லாம் போய்விட்டார்கள். சிலர் சொல்லிக்கொண்டு போனார்கள். பலர் சொல்லவில்லை. மணல் தொட்டியில் பூனை படுத்திருக்கிறது.

பிரவீன்குமார் நம் கேட்டுக்கு வந்து நின்ற காலையை மறக்கப் பார்க்கிறேன். "என் வூட்டுக்கு ஜீப்ல ஆள் வர வெச்சிட்டீங்களே! பெத்த புள்ளைய அடிக்கிறவனா நானு?" என்று அவர் கத்தியபோது பிள்ளைகள் எல்லாம் விளையாட்டை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசைப்பிரியாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவள் அழக்கூட இல்லை. நீங்கள் வாசலில் நின்றீர்கள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கும் அடுத்த நாள் வரவில்லை. பதில் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அக்கா. நான் கடலூரிலா இருந்தேன்? அடுத்த அறையில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் விசாரித்துவிட்டு, தவறாக ஒன்றும் தெரியவில்லை என்று போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் அன்று திறக்காத ஜன்னல் இல்லையாம்.

கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அது கொஞ்சம் இறங்கிவிட்டது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

அன்புக்கரசி


மேல்பட்டாம்பாக்கம்
17 ஜனவரி 2025

அன்பு,

கிழிக்கவில்லை. ஆனால் முழுவதும் படிக்க இரண்டு நாள் ஆயிற்று.

சொல்லியிருக்கலாமே என்கிறாய். சொன்னேன். நீ கேட்கவில்லை.

நம் பள்ளியில் 'வீடு' விளையாடும் மூலையில், சொப்புச் சாமான்களோடு பிள்ளைகள் விளையாடும்போது நாம் குறுக்கே போகமாட்டோம். ஒதுங்கி உட்கார்ந்து பார்ப்போம். ஒருவன் ஷிப்ட் பஸ் ஓட்டுவான். ஒருவன் நைட் ஷிப்ட் முடித்து வந்து குறட்டை விடுகிற அப்பா. "உஸ், அப்பா தூங்குது" என்று மற்றவர்களை அடக்க ஒரு அம்மா இருப்பாள். நீயும் நானும் எத்தனை முறை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம்.

இசைப்பிரியாவின் விளையாட்டில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணிப் பொம்மையைக் காய்கறிக் கூடைக்குள் படுக்கவைப்பாள். மேலே பலகையால் மூடுவாள். பலகையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கத்தக் கூடாது. கத்துனா அப்பா வராது" என்பாள். வேறு விளையாட்டே கிடையாது. நான் போன் செய்வதற்கு முந்தைய மாதம் தினமும் இதுதான். ஒருநாள் மணிக்கட்டு கன்றி நீலமாக இருந்தது. எப்படி ஆனது என்று கேட்டேன். "கதவு" என்றாள்.

உன்னிடம் வந்து சொன்னபோது, "வெளையாட்டு வெளையாட்டுதான்க்கா, அத நெஜம்னு எடுத்துக்காதீங்க" என்றாய். விஜயதசமி அட்மிஷன் நேரத்தில் பிரச்சினை வேண்டாம் என்று நீ நினைத்தது உன் முகத்திலேயே தெரிந்தது. அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பிள்ளையை யாரோ இருட்டில் அடைக்கிறார்கள் என்று தோன்றிய பிறகு என்னால் சும்மா இருக்க முடியாது. மறுபடியும் அப்படிப் பார்த்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன். ஓடிப்போனேன் என்று நீ எழுதவில்லை, ஆனால் நினைக்கிறாய். வாசலில் அந்த மனிதர் கத்தியபோது, நான் செய்தது சரி என்று சொல்ல என் பக்கத்தில் வந்து நிற்க ஒருவரும் இல்லை. அதனால்தான் போனேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முதுகுவலி எப்படி?

ஃபௌசியா


இந்திரா நகர், நெய்வேலி
10 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்குக் காரமாக ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். அதை அனுப்பவில்லை. நேற்று சந்தையில் இசைப்பிரியாவின் அம்மாவைப் பார்த்தேன், தேவயானியை. அதைத்தான் இப்போது எழுதவேண்டும்.

முதலில் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பினாள். கீரைக்காரம்மா கடை முன்னால் வழி இல்லை, இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கும்படி ஆகிவிட்டது. "இசைப்பிரியா எப்படி இருக்கா?" என்று கேட்டேன். அவள் ரொம்ப நேரம் கீரைக்கட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தானாகவே பேசினாள்.

"நான் கேன்டீன்ல கான்ட்ராக்ட்டுக்கா. ஃபர்ஸ்ட் ஷிப்ட்னா விடியறதுக்கு முந்தியே பஸ். அவரு நைட் ஷிப்ட் முடிச்சி வூடு வந்து சேர ஏழு ஆயிடும். ரெண்டு பேருக்கும் அப்படி ஷிப்ட் அமையற வாரத்துல நடுவுல புள்ளையப் பாத்துக்க ஆள் இல்ல. தூங்கிகினு இருக்கும்போதே வெளியில பூட்டிகினு போயிடுவேன். எழுந்துகினா கதவத் தட்டாத, கத்தாத, அப்பா வந்துடும்னு சொல்லி வெச்சேன். கத்துனா அக்கம்பக்கத்துல கேக்கும், ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு பயம்."

பக்கத்து வீட்டில் விடக்கூடாதா என்று கேட்டேன்.

"வுட்டுப் பாத்தேங்க்கா. ஒரு வாரம் வெச்சிகினாங்க. அவங்களுக்கும் தூக்கம் கெடுதுல்ல, எத்தினி நாளைக்குக் கேக்கறது? அந்த மாசம் எனக்கு பதில் ஆளே கெடைக்கல. தொடர்ந்து ஃபர்ஸ்ட் ஷிப்ட்தான்."

மணிக்கட்டு கன்றியிருந்ததே என்றேன். கதவு இடுக்கில் கையை விட்டு இழுத்திருக்கிறாள். வேலையிலிருந்து வந்து பார்த்து தேவயானிதான் எண்ணெய் தடவியிருக்கிறாள். பிரவீன்குமார் மகளை ஒருநாளும் அதட்டியதுகூட இல்லையாம். வீட்டுக்குள் வந்ததும் சட்டைகூட மாற்றாமல் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டே தூங்கிவிடுவாராம்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். அதற்கு அவள் சொன்னது இது, அக்கா.

"ஒருநாள் பஸ்ஸ வுட்டுட்டுப் புள்ளையத் தூக்கிகினு உங்க கேட் வரைக்கும் வந்தேங்க்கா. போர்டு இருந்திச்சி. காலை ஒன்பது மணி முதல்னு. படிச்சிப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

அந்த போர்டு உங்கள் கையெழுத்து. மஞ்சள் பெயின்ட் அடித்தது நான். அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்களே.

இசைப்பிரியா இப்போது நெய்வேலியில் இல்லை. ஜீப் வந்த பிறகு பிரவீன்குமார் தெருவில் தலைகாட்ட முடியாமல், பிள்ளையைக் குறிஞ்சிப்பாடியில் தேவயானியின் அக்கா சின்னம்மாள் வீட்டில் விட்டுவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்களாம். "இப்ப வூட்ல யாரும் யாரையும் பூட்டறதில்லக்கா. பூட்டறதுக்குப் புள்ள ஏது?" என்று சொல்லிவிட்டு, கீரையை வாங்காமலே போய்விட்டாள்.

நீங்கள் தவறு செய்தீர்கள் என்று காட்ட இதை எழுதவில்லை. விளையாட்டுதானே என்று நானும்தான் விட்டேன். நீங்களாவது பார்த்தீர்கள்.

அன்பு


மேல்பட்டாம்பாக்கம்
16 பிப்ரவரி 2025

அன்பு,

நீ எழுதியதைக் கமாலுதீனிடம் படித்துக் காட்டினேன். "நல்ல எண்ணத்துலதானே செஞ்ச" என்றார். அந்த வார்த்தை எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

அந்தப் பிள்ளை என்ன விளையாடியது என்று இப்போது புரிகிறது. அவள் பொம்மையை அடைக்கவில்லை. பொம்மை பயப்படாமல் இருக்க, அப்பா வரும்வரை அதன் மேல் உட்கார்ந்து காவல் இருந்திருக்கிறாள். அவளுக்குத் துணையாக யாரும் இல்லாததால் அவள் அதற்குத் துணை. நான் பார்த்தேன் என்கிறாய். பார்த்ததை எல்லாம் சேர்த்து ஒரு கெட்டவனை உண்டாக்கினேன். அவ்வளவுதான்.

தினமும் மதியம் கேன்டீன் புடவையோடு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிப்போவாளே தேவயானி. அவளிடம் ஒரு கேள்வி. "காலையில வீட்டுல யாரு இருப்பாங்க?" அதைக் கேட்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? முன்பின் தெரியாத ஒருவரிடம் போனில் பேச எனக்குத் தைரியம் இருந்தது. அவளிடம் கேட்க இல்லை.

மறுபடியும் அதையே செய்வேன் என்று போன கடிதத்தில் எழுதினேன். அந்த வரியை அடித்துவிடு.

நான் தேவயானிக்கு எழுதலாமா? வேண்டாம் என்றால் எழுதமாட்டேன். நீயே கேட்டுச் சொல்.

ஃபௌசியா


இந்திரா நகர், நெய்வேலி
12 மார்ச் 2025

அக்காவுக்கு,

நோன்பு எப்படிப் போகிறது? வெயில் இப்போதே கொளுத்துகிறது.

தேவயானியிடம் கேட்டேன். கடிதம் வேண்டாம் என்றாள். "படிச்சா மறுபடியும் எல்லாம் ஞாபகம் வரும்க்கா." பிறகு, "புள்ளையப் பாக்கணும்னா போய்ப் பாக்கட்டும், எங்க அக்காகிட்ட சொல்றேன். அவருக்குத் தெரிய வேணாம். ஆனா புள்ளைய எதுவும் கேக்கக் கூடாது" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். போர்டை எடுத்துவிட்டேன். இரண்டு வாரமாக விடியுமுன்பே கதவைத் திறக்கிறேன். என் வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார். அவருக்கும் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைதானே, இப்போது அவரே எழுந்து பால் காய்ச்சுகிறார்.

ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பிள்ளைகள். ஒரு அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, இன்னொருத்திக்கு பஸ் டிப்போவில். தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு என் கையில் மாற்றிவிட்டு ஓடுகிறார்கள். பாயில் வரிசையாகப் படுக்கவைக்கிறேன். ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும். எழுந்ததும் அழுகிறவர்கள் உண்டு, பேசாமல் போய் மணலில் உட்காருகிறவர்கள் உண்டு. வெளிச்சம் வரும்போது யாராவது ஒருவன் ஷிப்ட் பஸ்ஸைக் கிளப்பிவிடுவான். "ஏறு, ஏறு, டைம் ஆயிடுச்சி!" அப்புறம் விளையாட்டுதான்.

தேவயானி இந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறாள். விளக்கு எரிவதைப் பார்க்கிறாள். ஒருநாள் கேட்டருகே நின்றாள். உள்ளே கூப்பிட்டேன். "நேரமாயிடுச்சி" என்று போய்விட்டாள். இதை நாலு மாதம் முன்னால் செய்திருக்கலாமே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒருத்தியாகச் சமாளிக்க முடியவில்லை. நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும். கேட்டுவிட்டேன், வற்புறுத்தவில்லை.

அன்பு


மேல்பட்டாம்பாக்கம்
10 ஏப்ரல் 2025

அன்பு,

பெருநாள் முடிந்ததும் குறிஞ்சிப்பாடி போய்வந்தேன். கடலூர் போய் பஸ் மாறினேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பொம்மை வாங்கலாம் என்று கடைவரை போய், வேண்டாம் என்று திரும்பினேன்.

சின்னம்மாள் தறியில் இருந்தார். நெய்வேலியிலிருந்து வந்த டீச்சர் என்றேன்.

"போன் பண்ணவங்களா?"

"ஆமாங்க."

தறியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "வெயில்ல வந்துகிறீங்க, தண்ணி குடிங்க" என்று சொம்பைக் கொடுத்தார். பிறகு, "பால்வாடில இருக்குது. தங்கச்சி சொல்லிச்சில்ல, எதுவும் கேக்காதீங்க" என்றார்.

அங்கன்வாடியில் மாணிக்கம்மாள் என்று ஒரு டீச்சர். நல்ல மாதிரி. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இசைப்பிரியா சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள். முடி வெட்டிவிட்டிருக்கிறார்கள். யாரோ உருட்டிவிட்ட பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று அவள் பக்கம் வந்து நின்றது. அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

கிண்ணத்தைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான் வெளையாடல டீச்சர்" என்றாள்.

அன்பு, நான் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாக ஒன்றும் கேட்கவில்லை.

மாணிக்கம்மாள் சொன்னார்: "வந்ததுலேர்ந்து இப்படித்தாங்க. சோறு போட்டா சாப்டும், படுன்னா படுத்துக்கும். எந்தச் சாமானையும் தொடாது. தொந்தரவே இல்லாத புள்ளன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவளுக்கு யார் என்ன சொன்னார்களோ தெரியாது. யாரும் சொல்லாமலே இருந்திருக்கலாம். விளையாடினாள், டீச்சர் பார்த்தாள், ஜீப் வந்தது, அப்பா கத்தினார், வீடு போய்விட்டது. நாலு வயதுக்கு அந்தக் கணக்கு போதும்.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் கையை முன்னால் எடுக்கவே இல்லை. நான் இருக்கும்வரை எடுக்கமாட்டாள் என்று புரிந்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

நெய்வேலிக்கு வரச் சொல்கிறாய். எந்த முகத்தோடு பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன்?

ஃபௌசியா


இந்திரா நகர், நெய்வேலி
21 ஏப்ரல் 2025

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பாலை மறந்துவிட்டேன்.

தேவயானியிடம் பாதியைத்தான் சொன்னேன். ஃபௌசியா அக்கா போய்ப் பார்த்தார்கள், நன்றாக வளர்ந்திருக்கிறாள் என்று மட்டும். அவள் என் முகத்தைப் பார்த்தே மீதியைத் தெரிந்துகொண்டாள். "ஃபோன்லயும் பேசமாட்டேங்குதுக்கா. 'ம்' மட்டும்தான். அவரு ஃபோன வெச்சதும் பாத்ரூம்ல போய் நின்னுக்கறாரு" என்றாள். கூட்டிவந்துவிடு, காலையில் என்னிடம் விடு என்று கெஞ்சிப் பார்த்தேன். அவளுக்கு ஆசைதான். பிரவீன்குமார் சம்மதிக்கவில்லை. இந்த டவுன்ஷிப்பில் மறுபடி அவளை யாரிடமும் விடமாட்டாராம். எங்கள் கேட்டைக் கடக்கும்போது வண்டியை வேகமாக ஓட்டுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் சும்மா இருந்திருக்கவேண்டும் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன் அக்கா. உண்மையிலேயே ஒரு பிள்ளை அடிபட்டுக்கொண்டிருந்தால்? இங்கே ஒருத்தியின் முதுகில் தழும்பு பார்த்தேன் போன வாரம். அவள் அம்மாவை உட்காரவைத்து, டீ கொடுத்து, கேட்டேன். கொதிக்கிற குழம்பு சிந்தியதாம். நம்பினேன். இன்னும் கவனித்துக்கொண்டும் இருக்கிறேன். இதில் எது சரி என்று முன்கூட்டியே தெரிகிற ஆள் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கே வரவேண்டாம். குறிஞ்சிப்பாடிக்கு மறுபடி போங்கள். நான் கூப்பிட்டதற்கு நீங்கள் வராமல் இருப்பதைவிட, ஒருமுறை போய் அவளைப் பயமுறுத்திவிட்டு மறுபடி போகாமல் இருப்பது மோசம்.

அன்பு


மேல்பட்டாம்பாக்கம்
3 ஆகஸ்ட் 2025

அன்பு,

நீண்ட நாளாக எழுதவில்லை. எழுதும்படி ஒன்றும் நடக்காததுதான் காரணம். உன் பேச்சைக் கேட்டுப் போய்வந்துகொண்டுதான் இருந்தேன்.

மாணிக்கம்மாளிடம் கேட்டுக்கொண்டு, உள்ளே உட்காராமல் வெளியே வேப்பமரத்தடி மணலில் உட்காருவேன். யாரையும் கூப்பிடமாட்டேன். மற்றப் பிள்ளைகள் என் மேல் ஏறி விளையாடினார்கள். ஒருவன் எனக்கு ஊசி போட்டான். ஒருத்தி என் வளையலைக் கழற்றி விற்றாள். இசைப்பிரியா சன்னல் வழியாகப் பார்ப்பாள். நான் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன். முதலில் சன்னல், பிறகு வாசற்படி. மே மாத விடுமுறையில் எல்லாம் மறந்துவிடும் என்று பயந்தேன். ஜூனில் நான் போனபோது படிக்குக் கீழே நின்றாள். அவ்வளவுதான் முன்னேற்றம்.

சின்னம்மாள் சொன்னார், அவளை அடுத்த வருடம் குறிஞ்சிப்பாடியிலேயே பள்ளியில் சேர்க்கிறார்களாம். தேவயானி அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டாள். வாரக் கடைசியில் வருகிற அம்மா அப்பாவாகவே அவர்கள் இருந்துவிடப் போகிறார்கள். இதை நான் சரிசெய்ய முடியாது. சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

முன்பு நீ கூப்பிட்டதற்கும் பதில் சொல்லவேண்டும். கிளிஞ்சலுக்கு நான் வரவில்லை, அன்பு. அது உன் வீடு, உன் விடியற்காலை. நல்ல ஆளாக ஒருத்தியைப் பார்த்துச் சேர்த்துக்கொள். கேள்வி கேட்கத் தெரிந்தவளாக.

போன வியாழக்கிழமை மழை பெய்து ஓய்ந்திருந்தது. மணல் ஈரம். நான் என் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து குந்தியது தெரிந்தது. திரும்பவில்லை. ஒரு சின்னக் கை என் உள்ளங்கையை விரித்து, ஈர மணலைத் தட்டையாக அப்பியது.

"தோசை. சூடா இருக்கு. ஊதி சாப்டுங்க."

ஊதினேன். மென்றேன். என் தொண்டை அசைவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொன்று போட்டாள். பிறகு ஒரு வேப்பங்குச்சியை மணலில் நட்டு, அதற்கு ஒரு பெயர் வைத்தாள். அதனோடு பேச ஆரம்பித்தாள். நான் இருப்பதையே மறந்துபோய் நெடுநேரம் பேசினாள், விளையாடினாள்.

அந்தக் குச்சி யார், எங்கே போனது, அதற்கு என்ன நடந்தது என்பதெல்லாம் என் காதில் விழுந்தது. பயப்படும்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் நேரே தேவயானியிடம் போய் உட்கார்ந்து கேட்டிருப்பேன். அதற்கு மேல் உனக்கும் எழுதமாட்டேன். அது அவள் விளையாட்டு.

ஃபௌசியா